மண்ணில் இருக்கிறது, வேருக்கு வரவில்லை

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஒரு எக்டேரை எடுத்துக்கொண்டு, மேல் மண்ணை அரையடி ஆழத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் எடை ஏறத்தாழ 2,240 டன் வரும். மண்ணில் பொதுவாக 3 முதல் 4 சதவீதம் இரும்பு உண்டு. 3 சதவீதம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் அந்த அரையடிக்குள் 67 டன் இரும்பு கிடக்கிறது. ஒரு போகம் நிலக்கடலைக்கு வேண்டிய இரும்போ சில கிலோதான். அப்படியும் அதே காட்டில், விதைத்துச் சில வாரங்களில் கடலைக் கொழுந்து வெளுக்கிறது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடையில் மஞ்சள் ஏறுகிறது. முற்றிவிட்டால் நரம்பும் நிறமிழந்து கொழுந்து முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. அடுத்த வயலில் மக்காச்சோளத்தின் இளம் இலையைப் பிரித்துப் பார்த்தால், அடிப்பாகத்தில் நடுநரம்புக்கு இரு புறமும் அகலமான வெளிர்ப் பட்டை தெரிகிறது. கடலைக்கு எட்டாதது இரும்பு, சோளத்துக்கு எட்டாதது துத்தநாகம்.

67 டன் இரும்புக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு செடி இரும்புக்கு ஏங்குகிறது. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று நம்புகிற எந்த மரபும் இதே புதிரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். எங்கும் இருக்கிற ஒன்று இந்த உயிருக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை? கொடுப்பவன் கை காரணமா, வாங்குபவன் கை காரணமா? தமிழ்ச் சைவ சித்தாந்தம் இந்த இரண்டு பேரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நடுவே மூன்றாவதாக ஒன்று நிற்கிறது என்றது. அந்த விடை எவ்வளவு நுட்பமானது என்பதைப் பெரம்பலூர், அரியலூர் மண் காட்டித் தருகிறது. அதைத் தவறாகக் கையாண்டால் எவ்வளவு கொடுமையானதாகும் என்பதையும் அந்த மண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்த மண்ணை இப்படி ஆக்கியது கடல். இன்று கடற்கரையிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளியிருக்கும் அரியலூரும் பெரம்பலூரின் கிழக்குப் பகுதியும் கிரிட்டேசியஸ் காலத்தில் கடலுக்கடியில் கிடந்தன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். காரை கிராமத்து ஓடைச் சரிவுகளில் ஜிப்சம் தகடு தகடாக வெயிலில் மின்னுகிறது. கல்லங்குறிச்சியில் சிப்பிகள் அடுக்கடுக்காகச் சுண்ணாம்புப் பாறையாகி நிற்கின்றன. புவியியலாளர்கள் அந்தப் பாறை அடுக்குக்கே கல்லங்குறிச்சி என்று ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள். அதே கல்லங்குறிச்சியில்தான் கலியுக வரதராசப் பெருமாள் கற்கம்பமாக நின்று அருள்கிறார். சுற்று வட்டார விவசாயிகள் விளைந்த தானியத்தைக் காணிக்கையாகக் கொண்டுவந்து அங்கே செலுத்துகிறார்கள். அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் வளைத்து நிற்பதும் அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்பை நம்பித்தான்.

ஒரு பிடி கரிசலை உள்ளங்கையில் வைத்து விரலால் நிமிண்டினால் மிளகளவிலும் சுண்டைக்காய் அளவிலும் வெள்ளையாகச் சுக்கான் கல் தட்டுப்படும். அதன்மேல் சில சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் சீறிக்கொண்டு நுரைக்கும். மண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வயல் வரப்பிலேயே செய்து காட்டுகிற சோதனை இது. நுரை எவ்வளவு மூர்க்கமாக எழுகிறதோ அவ்வளவு சுண்ணாம்பு.

சுண்ணாம்பு அதிகமானால் மண்ணின் கார அமில நிலை, அதாவது பி.எச்., ஏறி நிற்கும். 1909-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் வகுத்துத் தந்த அளவு இது. 7 என்பது நடுநிலை. மேலே போனால் காரம், கீழே வந்தால் அமிலம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு வித்தியாசம். சுண்ணாம்பு நிலங்கள் பெரும்பாலும் 7.5-க்கும் 8.5-க்கும் இடையில் நிற்கின்றன. எண்ணில் பார்த்தால் சிறிய நகர்வு, விளைவு பெரியது. பி.எச். ஒரு படி ஏறும்போது மண் ஈரத்தில் கரைந்திருக்கும் ஃபெரிக் இரும்பு அயனி ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. துத்தநாகம் நூற்றில் ஒரு பங்காகிறது. இட்ட மணிச்சத்தைக் கால்சியம் பிடித்துக் கல்லோடு கல்லாக்கிவிடுகிறது. எந்தச் சத்தும் மண்ணை விட்டு எங்கும் போய்விடவில்லை. கரைய மறுத்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. வேருக்குப் பல் கிடையாது, கரைந்ததைத்தான் குடிக்க முடியும்.

மழை நன்றாகப் பெய்து ஈரம் நின்றால் மஞ்சள் இன்னும் கூடுகிறது என்பதுதான் விவசாயியைக் கலங்க வைக்கும் செய்தி. ஈரத்தில் சுண்ணாம்பிலிருந்து பைகார்பனேட் பெருகி, வேர் உள்ளிழுக்கும் கொஞ்ச இரும்பையும் செயலிழக்கச் செய்கிறது. வரம் என்று வந்த மழையே நோயைக் கூட்டுகிறது.

வீட்டு மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை நாள்தோறும் ஊற்ற ஊற்ற, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டுகிறது. மல்லிகையும் செம்பருத்தியும் கொழுந்தில் மஞ்சளாகின்றன. உரம் பற்றவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஒரு கைப்பிடி போடுகிறார்கள். ஆனால் தொட்டிக்கு ஒரு விடுதலை உண்டு. பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, செம்மண்ணும் மட்கிய உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்து புதிதாக நிரப்பி, மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் செடி பிழைத்துக்கொள்ளும். காட்டை அப்படிக் கொட்டி மாற்ற முடியாது. பிறந்த ஊர், குலம், உடம்பு, சுபாவம் என்று எதையும் கொட்டி மாற்ற முடியாத மனிதனின் நிலை தொட்டியைவிடக் காட்டுக்கே நெருக்கமானது. அதனால் சித்தாந்தம் கேட்ட கேள்வியைக் காட்டை வைத்துக் கேட்பதுதான் நியாயம்.

மஞ்சள் கண்டதும் பெரும்பாலான கைகள் உரக்கடையைத்தான் நோக்கிப் போகின்றன. ஒரு மூட்டை டி.ஏ.பி., இரண்டு மூட்டை யூரியா. டி.ஏ.பி.யோடு வரும் மணிச்சத்து அளவுக்கு மீறிப் போனால் துத்தநாகப் பற்றாக்குறை மேலும் கடுமையாகும் என்பது மண்ணியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. அடைபட்ட வாசலில் மேலும் மேலும் பொருளைக் கொண்டுவந்து குவித்தால் வாசல் இன்னும் அடைபடும். சமய வாழ்க்கையில் இந்தப் பிழை மிகச் சாதாரணமாக நடக்கிறது. மனம் வறண்டு கிடக்கிறது என்றதும் இன்னொரு பரிகாரம், இன்னொரு தலம், இன்னொரு விரதம் என்று சேர்த்துக்கொண்டே போகிறோம். வழிபாடு வீண் என்று இங்கே சொல்ல வரவில்லை. சத்து வந்து சேராத காரணத்தைப் பார்க்காமல் சத்தை மட்டும் கூட்டுவது, தன் உயிர்மீது அக்கறை உள்ளவன் செய்கிற வேலை அல்ல.

அரியலூர் மாவட்டத்தின் வடக்கே வெள்ளாற்றைத் தாண்டினால் பெண்ணாடம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பிறந்த ஊர் என்று சைவ மரபு சொல்லும் திருப்பெண்ணாகடம் அதுதான். இந்த மண்ணிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளை பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தைத் தந்தார். இறை, உயிர், கட்டு என்று மூன்று என்றும் உள்ளவை. கட்டிலே முதன்மையானது ஆணவம். அது இடையில் வந்து ஒட்டியதல்ல, உயிரோடு கூடவே இருப்பது. எங்கும் நிறைந்த அருள் உயிருக்குள்ளும் நிறைந்துதான் இருக்கிறது. ஆணவத்தால் மறைபட்ட உயிர் அதை உணர முடியாமல் தவிக்கிறது.

மெய்கண்டாரைப் பற்றிச் சைவர்கள் சொல்லி வரும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆகமங்களெல்லாம் கற்றுத் துறைபோன சகலாகம பண்டிதர் அவர் குடும்பத்துக்கே குரு. ஒரு சிறுவனைச் சுற்றி மாணவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் வந்து நின்றார். ஆணவத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டார். பிள்ளை பதில் பேசவில்லை. அவரை மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்தது. பண்டிதர் அந்த இடத்திலேயே விழுந்து வணங்கினார். அருணந்தி சிவாச்சாரியாராக எழுந்து, பிற்பாடு சிவஞான சித்தியார் இயற்றினார். அவரிடம் இல்லாத நூல் ஒன்றில்லை. 67 டன்னும் அவருக்குள் இருந்தது. அன்றைக்கு அந்தப் பார்வைக்குப் பிறகுதான் அது கரைந்தது.

ஆணவத்தைப் பற்றிச் சித்தாந்திகள் சொல்லும் ஒரு நுட்பத்தை மேலோட்டமாகப் படிப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை. அதன் வலிமை ஒடுங்குகிறது, அவ்வளவுதான். என்றும் உள்ள பொருள் எப்படி இல்லாமல் போகும்? கேட்பதற்கு ஏமாற்றம் தரும் கோட்பாடு இது. ஆனால் சுண்ணாம்பு நிலத்தைச் சீர்செய்ய முயன்றவர்களுக்கு இது அனுபவ உண்மை.

சுண்ணாம்பைக் கரைத்துவிடக் கந்தகம் போடலாம் என்பது ஏட்டு வழி. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கும், அமிலம் சுண்ணாம்பைத் தின்னும். 100 பங்கு சுண்ணாம்புக்கு 32 பங்கு கந்தகம் வேண்டும். நமது எக்டேரின் மேல்மண்ணில் வெறும் 1 சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே அது 22 டன்னுக்கு மேல். அதைத் தீர்க்க 7 டன் கந்தகம். 10 சதவீதம் என்றால் 70 டன்னைத் தாண்டும். எந்தக் குடியானவனாலும் ஆகாத காரியம். ஜிப்சம் இடலாமே என்பார்கள். அது சோடியம் ஏறிய களர் நிலத்துக்கான மருந்து, சுண்ணாம்புக் கரிசலின் பி.எச்.சை அது இறக்காது. ஆக, சுண்ணாம்பு இருந்தபடியே இருக்கும். வேரைச் சுற்றி ஓர் இழை அகலத்தில் அதன் பிடி தளர்ந்தால் போதும், செடி பச்சைக்கு வந்துவிடும். கட்டு அழியாது, அதன் வலி குன்றும் என்ற சித்தாந்தக் கணக்கும் இதுவே.

அந்தச் சுண்ணாம்பை வெறும் பகையாகப் பார்ப்பதும் சரியல்ல. கால்சியம் இருப்பதால்தான் மண் பொலபொலவென்று உதிர்ந்து நீரையும் காற்றையும் உள்ளே விடுகிறது. கடலைப் பருப்பு பொக்கு விழாமல் நிறைவதற்கும் கால்சியம்தான் வேண்டும், கடலை பூக்கும் காலத்தில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பது அதற்காகத்தான். கொழுந்துக்கு இரும்பை மறுக்கிற சுண்ணாம்பின் கால்சியமே காய்க்குள் பருப்பை நிரப்புகிறது. சித்தாந்தத்தில் மறைத்தல் என்பதும் சிவனின் ஐந்தொழில்களில் ஒன்று. திரோதான சத்தி என்று பெயர். மலம் எனப்படும் அந்தக் கட்டைச் செலுத்துவதால் அதையும் மலம் என்று எண்ணினார்களே தவிர, அதன் உள்நோக்கம் அருளே என்றார்கள். உயிர் பக்குவப்படும் வரை மறைப்பாக நின்று, பக்குவம் வந்ததும் அதுவே அருளாக வெளிப்படுகிறது.

பக்குவம். இந்த இடத்தில்தான் நின்று நிதானிக்க வேண்டும். மலம் பக்குவப்படும் மலபரிபாகம் வந்தால் சத்திநிபாதம், அதாவது அருள் பதிதல் நிகழும் என்பது நூல் முடிபு. சூரியன் எல்லாத் தாமரைக்கும் ஒன்றாகவே காய்கிறான், முற்றிய மொட்டு மலர்கிறது, முற்றாதது காத்திருக்கிறது. அழகான விளக்கம்தான். அதே விளக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எத்தனை பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம்? உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று சொல்லிப் படிப்பை மறுத்தோம், கோயிலை மறுத்தோம். பட்டினி கிடப்பவனிடம் உன் வினை என்றோம். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த திருநாளைப்போவார் தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் தில்லைக்குள் போனார் என்றே பெரியபுராணமும் சொல்கிறது. இது சைவத்துக்கு மட்டும் உரிய ஆபத்தல்ல. வீரமாமுனிவரின் பெயரோடு இணைந்த ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை ஆலயப் பக்கம் உள்ளவர்களுக்கு இயேசு சொன்ன விதைப்பவர் உவமை நன்றாகத் தெரியும். பாறையில் விழுந்த விதை கருகுகிறது, நல்ல நிலத்தில் விழுந்தது விளைகிறது. கேட்டவர்கள் தங்கள் நெஞ்சைச் சோதித்துக்கொள்ளச் சொன்ன கதையை, அடுத்தவன் நெஞ்சைப் பாறை என்று தீர்ப்பெழுதப் பயன்படுத்துவது எளிது.

வெளுத்த கடலைச் செடியைப் பார்த்து உனக்குத் தகுதி இல்லை என்று சொல்கிற வேளாண் அலுவலர் யாரும் இல்லை. அந்தச் செடி எந்தத் தப்பும் செய்யவில்லை. விழுந்த இடம் அப்படி.

இந்த ஆபத்துக்குச் சைவத்தின் உள்ளேயே மறுப்பு இருக்கிறது. அது உமாபதி சிவம் வரலாற்றில் வருகிறது. தில்லைவாழ் அந்தணர் மரபில் பிறந்தவர், 1313-ல் சங்கற்ப நிராகரணம் எழுதியவர், திருவருட்பயனின் ஆசிரியர். குலம் பாராமல் மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டு, அவர் கைவழி ஒழுகிய கூழைப் பிரசாதமாகப் பருகியதால் தில்லை அவரை ஒதுக்கிவைத்தது. ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் மடம் அமைத்து வாழ்ந்தார். மடத்து அடுப்புக்கு நாள்தோறும் விறகு கொண்டுவந்து போட்டவர் பெற்றான் சாம்பான், தாழ்த்தப்பட்ட குலத்தவர். அவருக்கு முத்தி கொடுக்கும்படி தில்லைக் கூத்தனே சீட்டெழுதி அனுப்பினான் என்கிறது மரபு. உமாபதியார் தீக்கை தந்தார், சாம்பான் ஒளியில் கரைந்தார். கணவனைக் காணோம் என்று மனைவி அரசனிடம் முறையிட்டாள். முத்தி கொடுத்தது மெய்யானால் கண்முன் இன்னொன்று காட்டு என்றான் அரசன். சூழ நின்றவர்களில் ஒருவருக்கும் பக்குவம் இல்லை. மடத்து அபிடேக நீர் வந்து விழும் இடத்தில் ஒரு முள்ளிச் செடி முளைத்திருந்தது. உமாபதியார் அதைப் பார்த்தார், அது முத்தியடைந்தது.

இந்தக் கதையை நம்புவதா வேண்டாமா என்பது வேறு. அது என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அரசனும் பண்டிதர்களும் நின்ற கூட்டத்தில் பக்குவப்பட்டிருந்தது ஒரு முட்செடி. அது தவம் செய்யவில்லை, நூல் கற்கவில்லை, விரதம் இருக்கவில்லை. திருமஞ்சன நீர் நாள் தவறாமல் அதன் வேருக்குப் போய்க்கொண்டிருந்தது, அதுதான் அது பெற்ற பேறு. சாம்பானும் அப்படியே, விறகோடு நாள்தோறும் அந்த வாசலுக்கு வந்தார். பக்குவம் தனி ஒருவன் முயன்று ஈட்டி வைத்திருக்கும் சொத்து என்ற எண்ணத்தை இந்தக் கதை உடைத்துவிடுகிறது. எதன் பக்கத்தில் இருக்கிறோம், எந்த நீர் நம்மை வந்து அடைகிறது என்பதும் பக்குவத்தை ஆக்குகிறது. அப்படியானால், வாசலை அடைத்துவிட்டு உள்ளே நின்று பக்குவம் பேசுகிறவனுக்குச் சித்தாந்தத்தில் இடமே இல்லை.

வேர்கள் சும்மா இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரும்பு எட்டாதபோது கடலை, பயறு போன்ற செடிகளின் வேர் தன்னைச் சுற்றி அமிலத்தைச் சுரந்து, ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக மாற்றி உள்ளே இழுக்கிறது. புல்லினத்துப் பயிர்கள் வேறு வழியில் போகின்றன. ஜப்பானியர் சீயிச்சி தகாகி 1976-ல் ஓட்ஸ், நெல் வேர்களைக் கழுவிய நீரில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பொருள்கள் இருப்பதைக் கண்டு எழுதினார். அத்தகைய பொருளை வேர் மண்ணுக்குள் அனுப்பி, இரும்போடு சேர்த்தே திரும்ப உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஜெர்மானியர்களான மார்ஷ்னரும் ரோம்ஹெல்டும் 1986-ல் இந்த இரண்டையும் இரு உத்திகளாக வகுத்தார்கள். பசிதான் இந்தச் சுரப்பைத் தூண்டுகிறது. இரும்பு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் வேர் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. தன் குறையை உணர்ந்த உயிரின் தவிப்பே அருளை நோக்கிய முதல் அசைவு என்று பத்தி இலக்கியம் படித்த எவரும் சொல்வார்கள்.

ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கடலை சுரக்கும் அமிலத்தைச் சுண்ணாம்பே உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. அதன் முயற்சி அதன் காலடியிலேயே முறிகிறது. வட சீனாவின் சுண்ணாம்பு மண்ணில் விவசாயிகள் மக்காச்சோளத்தோடு கடலையை ஊடுபயிராக இட்டார்கள். தனியாக நின்ற கடலை வெளுத்தது, சோளத்தின் வேரோடு வேர் பின்னி நின்ற கடலை பச்சையாக இருந்தது. 2000-ல் வெளிவந்த சீன ஆய்வு இதை வேர்களைப் பிரித்தும் சேர்த்தும் சோதித்துக் காட்டியது. புல்லினமான சோளம் இரும்பை இளக்கிவைக்க, கடலையும் பயன்பெறுகிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் மலம் நீங்கிய உயிருக்கே அடியார் கூட்டத்தை விதிக்கிறது. ஞானம் பெற்றவனுக்குக் கூட்டம் எதற்கு என்று கேட்பவர்கள், மக்காச்சோளமும் கடலையும் அதிகம் விளையும் இந்த இரண்டு மாவட்டங்களின் வேர்களுக்கடியில் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்.

கொடுப்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. வெறும் அன்னபேதியை, அதாவது ஃபெரஸ் சல்பேட்டை, சுண்ணாம்பு மண்ணில் தூவினால் சில நாளில் அதுவும் கரையாத துருவாகிக் கிடக்கும். அதனால் இரும்பைக் கரிமப் பொருளின் பிடிக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். அதிலும் வகை உண்டு. இ.டி.டி.ஏ. பிடித்த இரும்பு நடுநிலையைத் தாண்டினாலே நழுவிவிடும். இ.டி.டி.எச்.ஏ. பிடித்தது காரத்திலும் நழுவாமல் வேர்வரை வரும், விலை அதிகம். கொடுக்கும் இரும்பு ஒன்றுதான், வாங்குகிறவரின் மண்ணுக்கேற்ப அதன் போர்வை மாறுகிறது. சித்தாந்தம் உயிர்களை மூவகையாகப் பிரித்து, விஞ்ஞானகலருக்கு இறைவன் உள்ளிருந்தே உணர்த்துகிறான், பிரளயாகலருக்குத் தன் திருவுருவோடு முன்நின்று உணர்த்துகிறான், நம்மைப் போன்ற சகலருக்கு மானிட குருவின் உருவில் மறைந்து வந்து உணர்த்துகிறான் என்றது. கட்டு அதிகம் உள்ளவனிடம்தான் அவன் அதிகம் இறங்கி வருகிறான். பெறுபவனின் நிலைக்குத் தக்கபடி கொடை வடிவெடுக்க வேண்டும் என்ற இந்த நெறி, நம் மடங்களிலும் பள்ளிகளிலும் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது வருத்தத்தோடு கேட்க வேண்டிய கேள்வி.

கொடுப்பவன் இப்படி இறங்கி வருவதைக் கல்லில் பார்க்க விரும்புகிறவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகலாம். முதலாம் இராசேந்திரன் எடுத்த அந்தக் கோயிலில் கருவறையின் வடக்கு வாயில் அருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி. மணலில் இலிங்கம் அமைத்துப் பாலைச் சொரிந்த மாடு மேய்த்த சிறுவன் விசாரசருமன்தான் சண்டேசர். பாலை மண்ணில் கொட்டி வீணாக்குகிறான் என்று ஊர் புகார் சொன்னது, தந்தை வந்து பால்குடத்தை இடறினார். சிற்பத்தில் உமையோடு அமர்ந்த சிவன் குனிந்து, காலடியில் கைகூப்பி இருப்பவரின் தலையில் கொன்றை மாலையைத் தன் கையாலேயே சுற்றிக் கட்டுகிறார். ஒரு கை மாலையின் நுனியைப் பிடித்திருக்க, இன்னொரு கை தலையைச் சுற்றி வருகிறது. சண்டேசரின் தலை தாழ்ந்திருக்கிறது. மாலை வீசப்படவில்லை, தலை எட்டிப் பிடிக்கவும் இல்லை.

முதல் அடி யாருடையது என்ற வழக்கு வைணவத்தில் ஒரு பெரும் பிளவாகவே ஆயிற்று. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியின் முயற்சி வேண்டும் என்றது வேதாந்த தேசிகர் வழி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியாக இருந்தால் போதும் என்றது பிள்ளை லோகாசாரியர் வழி. கடலைக் காட்டில் இந்த வழக்குக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. வேர் அமிலம் சுரக்க வேண்டுமானால் அதற்கு உணவு வேண்டும். உணவை இலை சமைக்க வேண்டும். இலை சமைக்கப் பச்சையம் வேண்டும், பச்சையம் உண்டாக இரும்பு வேண்டும். வெளுத்து முற்றிப்போன செடியிடம் முயன்று பார் என்று சொல்வதில் பொருளில்லை. முயல்வதற்கான வலுவே அதற்கு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். உயிரின் முயற்சியும் அருளின் துணையால்தான் நடக்கிறது என்று சித்தாந்திகள் சொன்னது முயற்சியை மட்டம் தட்டுவதற்காக அல்ல. முயல முடியாமல் கிடப்பவனைக் கைவிடாமல் இருப்பதற்காக.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. முதலில் இலைக்கு. 1 சதவீத அன்னபேதிக் கரைசலில் 0.1 சதவீதம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, வெயில் தாழ்ந்த மாலையில் கொழுந்து நனையத் தெளிக்கிறார்கள். சில நாளில், துளி விழுந்த இடங்களில் மட்டும் முதலில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். புதிதாக விடும் கொழுந்து மறுபடியும் வெளுக்கும், ஏனென்றால் பழைய இலைக்குப் போன இரும்பு புது இலைக்கு நகர்வதில்லை. அதனால் பத்து நாள் இடைவெளி விட்டு மறுபடி தெளிக்க வேண்டும், தேவைப்பட்டால் மூன்றாம் முறையும். அதற்குள் அன்னபேதியும் துத்தநாக சல்பேட்டும் கலந்த தொழுவுரத்தை நிழலில் குவித்து, ஈரம் காயாமல் ஒரு மாதம் மூடிவைக்கிறார்கள். அடுத்த விதைப்புக்கு முன் அதைச் சாலோடு சாலாக, விதை விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே இடுகிறார்கள்.